சலாம் சொன்னவரெல்லாம் நமக்குத் தெரிந்தவரா? – இணையத்தில் பழைய கேமரா வாங்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



பூலாம்பாடியில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஓர் இளைஞர் மட்டும் பள்ளிவாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "ஹஜ்ரத், அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

நிக்காஹ், வலீமா நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுக்கும் தொழிலில் இறங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு வருடமாக இன்னொரு போட்டோகிராபருக்கு லைட் பிடித்துப் பழகியிருந்தார். சொந்தக் கேமரா இருந்தால்தான் தனியாக ஆர்டர் பிடிக்க முடியும். ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸில் சோனி ஏ7 மார்க் 3 கேமராவும் ஒரு டாம்ரான் லென்சும் சேர்த்து 60,000 ரூபாய் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழையதாகவே வாங்கினாலும் லட்சத்தைத் தாண்டும் செட் அது. விற்பவர் திருச்சி விமான நிலையத்தில் பாதுகாப்புப் படையில் வேலை பார்ப்பதாகவும், வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்துவிட்டதால் விற்பதாகவும் சொன்னார். பெயர் நம் பெயர். முதல் செய்தியே "அஸ்ஸலாமு அலைக்கும் பாய்" என்றுதான் வந்தது. சீருடையில் எடுத்த படம், பணி அடையாள அட்டை, ஆதார், கேன்டீன் கார்டு என்று கேட்காமலேயே எல்லாவற்றையும் அனுப்பினார். "அமானிதமாக அனுப்பி வைக்கிறேன்" என்றும் எழுதினார்.

கூரியர் செலவுக்கு என்று முதலில் 3,000 கேட்டார். பார்சல் கட்டும் வீடியோ வந்தது. பிறகு, பதிவு செய்ய 15,000 வேண்டும் என்றார். அது "சிஸ்டத்தில் ஏறவில்லை, மறுபடி அனுப்புங்கள், முதல் தொகை திரும்பி வந்துவிடும்" என்று இன்னொரு 15,000. கடைசியாக ஜிஎஸ்டி என்று 24,000. மொத்தம் 57,000. பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. அத்தா மலேசியாவில் இருந்து அனுப்பிய பணம் கொஞ்சம், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தது மீதி.

அந்தப் பிள்ளையை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். ஆனால் கதையின் போக்கில் எதையும் மாற்றவில்லை. காரணம், இந்தக் கதை அவர் ஒருவருடையது அல்ல. இராணுவ வீரர், எல்லைப் பாதுகாப்புப் படை, விமான நிலையப் பாதுகாவலர் என்ற வேடத்தில் பழைய பொருளை விற்பதாகச் சொல்லி ஏமாற்றுவது இந்தியா முழுக்கப் பல ஆண்டுகளாக நடக்கிறது. பைக், பிரிட்ஜ், சோபா என்று தொடங்கியது கேமரா வரை வந்திருக்கிறது. பல மாநிலக் காவல்துறைகள் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கின்றன.

நம்மிடம் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு ப்ரூஃப் காட்டினாரே ஹஜ்ரத், எப்படி நம்பாம இருக்கிறது?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

எதற்குச் சான்று காட்டினார்?

அந்த மனிதர் அனுப்பியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஆதார், அடையாள அட்டை, சீருடைப் படம், சலாம், அமானிதம் என்ற சொல். அத்தனையும் அவர் யார் என்பதைப் பற்றியவை. கேமராவைப் பற்றி என்ன வந்தது? எங்கிருந்தோ எடுத்த மூன்று படங்கள். சீரியல் எண் இல்லை, வாங்கிய பில் இல்லை, இன்று எடுத்த ஒரு படம்கூட இல்லை.

ஏமாற்றுகிறவர் எப்போதும் ஆளைப் பற்றிய சான்றைத் தாராளமாகக் கொடுப்பார். ஏனென்றால் அவரிடம் இருப்பது அது மட்டும்தான். அந்த அட்டைகூட இதற்கு முன் ஏமாந்த இன்னொருவரிடம் வாங்கியதாகவோ, கணினியில் செய்ததாகவோ இருக்கும். உண்மையாகக் கேமரா வைத்திருப்பவர் ஆதாரைக் கொடுக்கத் தயங்குவார். கேமராவைக் காட்டத் தயங்க மாட்டார்.

ஒருவரைப் பற்றி நற்சாட்சி சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டதாக ஓர் அறிவிப்பு உண்டு. அவருடைய வரவு போக்கு தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரா நீர்? அவரோடு காசு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீரா? அவரோடு பயணம் செய்திருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்ததும், அப்படியானால் அவரை உமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். இத்தனைக்கும் அவர் அந்த மனிதரை நேரில் அறிந்தவர். நாமோ வாட்ஸ்அப்பில் கஅபாவின் படத்தை முகப்பாக வைத்திருப்பதைப் பார்த்தே "நம்ம ஆள்" என்று முடிவு செய்துவிடுகிறோம்.

சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. ஆனால் சலாம் சொன்னார் என்பதற்காக முன்பணம் அனுப்புவது கடமையும் இல்லை, நற்செயலும் இல்லை. மார்க்கத்தின் சொற்களைக் கொண்டே மார்க்கப் பற்றுள்ளவர்களை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற சமூகத்தாரிடம் இதே ஆட்கள் அவரவர் சாமி பெயரைச் சொல்வார்கள்.

எந்தெந்த வழியில் வருகிறார்கள்?

வேடம் மாறினாலும் வழிகள் சிலதான். தெரிந்து வைத்துக்கொண்டால் முதல் செய்தியிலேயே பிடிபடும்.

முதலாவது, மேலே சொன்ன முன்பண மோசடி. "மூன்று பேர் கேட்கிறார்கள், 2,000 போட்டால் உங்களுக்கு ஒதுக்கி வைக்கிறேன்" என்பதில் தொடங்கும். சிறு தொகை போன பிறகு, அதை இழக்க மனமில்லாமல் நாமே அடுத்த தொகையை அனுப்புவோம். அந்தப் பிள்ளைக்கு 15,000 இரண்டாவது முறை கேட்டபோதே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் "அனுப்பினால்தான் முதல் பணம் திரும்பும்" என்ற ஒரு சொல் அவரைக் கட்டிப் போட்டுவிட்டது. பணம் திரும்பி வருவதற்குப் பணம் அனுப்பச் சொன்னால், அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, போலி கூரியர் இணைப்பு. "பார்சல் எங்கே இருக்கிறது என்று இந்த லிங்கில் பாருங்கள்" என்று வரும். அதைத் தொட்டால் ஓர் ஆப் இறங்கும். அது போனுக்கு வரும் ஓடிபி குறுஞ்செய்திகளைப் படித்துவிடும். ப்ளே ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் ஏபிகே என்ற முடிவோடு வரும் எந்தக் கோப்பையும் திறக்கக் கூடாது. வீட்டுப் பெண்களிடமும் பெரியவர்களிடமும் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, கியூஆர் கோடு. இது பெரும்பாலும் நாம் விற்கும்போது வருகிறது. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். யுபிஐயில் பின் நம்பர் போடுவது நம் கணக்கிலிருந்து பணம் போவதற்குத்தான். வருவதற்கு எதுவும் போட வேண்டியதில்லை. தனி மனிதர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியை, மோசடி பெருகியதால், 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி யுபிஐயை நடத்தும் என்பிசிஐ உத்தரவிட்டது. ஆனால் கியூஆர் கோடு இன்னும் இருக்கிறது, ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான்காவது, பணம் போட்டுவிட்டதாகக் காட்டும் போலி ஸ்கிரீன்ஷாட். இதுவும் விற்பவருக்கு வைக்கும் வலை. எதிரில் நிற்பவரின் போனில் பச்சை டிக் தெரிகிறது என்பதற்காகப் பொருளைக் கொடுக்கக் கூடாது. நம் வங்கிக் கணக்கில் இருப்பு ஏறியதா என்பதை நாமே திறந்து பார்க்க வேண்டும்.

ஐந்தாவதுதான் பலருக்கும் தெரியாதது. பணம் உண்மையாகவே நம் கணக்குக்கு வந்துவிடும், கேமராவைக் கொடுத்துவிடுவோம். சில நாள் கழித்து வங்கிக் கணக்கு முடங்கும். ஏனென்றால் வாங்க வந்தவர் தன் பணத்தைத் தரவில்லை. வேறு ஊரில் வேறு ஒருவரை ஏமாற்றி, அவரை நம் கணக்குக்கே நேரடியாக அனுப்ப வைத்திருப்பார். ஏமாந்தவர் புகார் கொடுக்கும்போது முதலில் வருவது நம் கணக்கு எண்தான். ஆகவே எதிரில் நிற்பவரின் பெயரும், பணம் அனுப்பிய கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "என் நண்பன் போடுவான், மாமா போடுவார்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திருட்டுப் பொருளும் வாடகைப் பொருளும்

இதுவரை சொன்னதில் கேமராவே இல்லை. கேமரா உண்மையாகவே கைக்கு வந்தும் ஏமாறும் வழி ஒன்று உண்டு.

கல்யாணத் தொழிலில் இருப்பவர்கள் கேமராவையும் லென்சையும் நாள் வாடகைக்கு எடுப்பது வழக்கம். அப்படி எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திருடப்பட்டவையும் இதே சந்தைக்குத்தான் வருகின்றன. 2024-ல் ஆந்திராவில் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த இளம் திருமணப் புகைப்படக் கலைஞர் ஒருவர், ஆர்டர் என்று அழைத்தவர்களை நம்பிப் போய், அவர் வைத்திருந்த விலை உயர்ந்த கேமராக்களுக்காகவே கொலை செய்யப்பட்டார். அப்படிப் பறிக்கப்பட்ட பொருளும் ஒரு நாள் எங்கோ "அவசர விற்பனை" என்று விளம்பரமாகலாம்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டோ வாங்குவது, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. தெரியாமலே வாங்கியிருந்தாலும், காவல்துறை வந்து பொருளை எடுத்துக்கொண்டு போகும். மார்க்கச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது: திருடியவர் அந்தப் பொருளுக்கு உரிமையாளர் ஆகவில்லை, ஆகவே அவரிடம் வாங்கியவரும் உரிமையாளர் ஆக மாட்டார். பொருள் சொந்தக்காரரிடம் போக வேண்டும். பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஹலாலான சம்பாத்தியத்துக்காக வாங்கும் கருவி இது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், மீதி விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

பணம் கொடுப்பதற்கு முன்

இனி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஆளைப் பற்றிய சான்றைக் கேட்காதீர்கள், பொருளைப் பற்றிய சான்றைக் கேளுங்கள்.

விளம்பரத்தில் இருக்கும் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். வேறு ஊர் விளம்பரத்திலோ வெளிநாட்டுத் தளத்திலோ அதே படம் இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

ஒரு தாளில் இன்றைய தேதியையும் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லையும் எழுதி, அதைக் கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "பூலாம்பாடி" என்றே எழுதச் சொல்லலாம். கேமரா கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. இல்லாதவர் கோபப்படுவார், "என்னை நம்பவில்லையா" என்பார். அந்தக் கோபமே பதில்.

கேமராவில் உள்ள சீரியல் எண், பெட்டியில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் பொருந்த வேண்டும். பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். துபாயிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ சபர் போனவர்கள் கொண்டுவந்த கேமராவாக இருந்தால், இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பதை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் சொல்வது போதாது.

அந்தக் கேமராவில் இன்று எடுத்த ஒரு படத்தைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அதற்குள் இருக்கும் விவரங்கள் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்ல வேண்டும். எந்தக் கேமரா, எந்த நாள் என்பது அந்தக் கோப்புக்குள் பதிவாகியிருக்கும். பல கேமராக்களில் சீரியல் எண்ணும் பதிவாகும்.

பிறகு நேரில் போங்கள். பெரம்பலூர் போய் திருச்சிக்கு பஸ் ஏறும் செலவு, 57,000-க்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தனியாகப் போகாமல் தொழில் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள இடம், முடிந்தால் வங்கிக் கிளை அல்லது காவல் நிலையத்துக்குப் பக்கம். கையில் பெரிய தொகையோடு முன்பின் தெரியாத வீட்டுக்குள் போகக் கூடாது.

கையில் வாங்கிய பின் என்ன பார்க்க வேண்டும்?

சோதிக்க அரைமணி நேரம் தர மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். உங்கள் மெமரி கார்டையும், முடிந்தால் ஒரு லேப்டாப்பையும் கொண்டு போங்கள்.

வண்டிக்குக் கிலோமீட்டர் போலக் கேமராவுக்கு ஷட்டர் எண்ணிக்கை. கேனன் 5டி மார்க் 4-ன் ஷட்டர் 1,50,000 கிளிக் வரைக்கும், சோனி ஏ7 மார்க் 3, நிக்கான் டி850 ஆகியவற்றின் ஷட்டர் 2,00,000 கிளிக் வரைக்கும் சோதிக்கப்பட்டவை என்று நிறுவனங்களே சொல்கின்றன. அதைத் தாண்டினால் நின்றுவிடும் என்பதில்லை. ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்றால் 50 கல்யாணத்தில் 1,50,000 ஆகிவிடும். "வீட்டு உபயோகத்துக்கு மட்டும் வைத்திருந்தேன்" என்பவரின் கேமராவில் இந்த எண்ணைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நிக்கானில் இது எடுத்த படத்தின் கோப்பிலேயே இருக்கும். கேனனில் பல மாடல்களுக்கு லேப்டாப்பில் இணைத்து மென்பொருள் மூலம் பார்க்க வேண்டும். வீடியோவுக்கே அதிகம் ஓடிய கேமராவில் இந்த எண் குறைவாகத்தான் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து சென்சார். லென்ஸின் துளையை எஃப் 16-க்குக் குறுக்கி, ஒரு வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் தூசி. அதைச் சுத்தம் செய்துவிடலாம். லென்ஸை மூடி வைத்து நீண்ட எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுத்து, பளிச்சென்று நிற்கும் புள்ளிகளோ கோடுகளோ தெரிகின்றனவா என்று பாருங்கள். கல்யாண மேடைகளில் சுற்றவிடும் லேசர் விளக்கு நேராகப் பட்டால் சென்சார் நிரந்தரமாகக் கெட்டுவிடும். அந்தக் கோடு எந்தச் சுத்தத்துக்கும் போகாது. சென்சாரையே மாற்ற வேண்டியிருக்கும்.

லென்ஸில் பூஞ்சை. நம் ஊர் மழைக்கால ஈரத்தில் பையிலேயே பூட்டி வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலை போல இது படரும். போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். ஜூம் வளையமும் ஃபோகஸ் வளையமும் இறுகலோ ஆட்டமோ இல்லாமல் சுழல வேண்டும். கீழே விழுந்த லென்ஸில் முன் விளிம்பு நசுங்கியிருக்கும். திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள்.

கடைசியாக, பத்து நிமிடம் வீடியோ ஓட விடுங்கள். இரண்டு கார்டு இடங்களும், பிளாஷ் மாட்டும் இடமும், சார்ஜ் ஏறும் துளையும், ஒவ்வொரு பட்டனும் வேலை செய்கின்றனவா என்று வரிசையாகப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் அங்கேயே, அந்த இடத்திலேயே பணத்தை அனுப்புங்கள். பொருள் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் பணம் அவர் கைக்குப் போக வேண்டும். இந்த ஒரு வரிசையை மாற்றாமல் இருந்தாலே இங்கே சொன்ன முன்பண மோசடியும் போலி கூரியரும் நம்மை நெருங்காது.

எழுதிக்கொள்வது அவமரியாதை அல்ல

ஒரு வெள்ளைத் தாளில் இருவர் பெயர், முகவரி, கேமரா மாடல், சீரியல் எண், விலை, விற்பவர் சொன்ன குறைகள், தேதி, இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. இதைக் கேட்டால் எதிரில் இருப்பவர் மனம் புண்படுமோ என்று நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசவில்லை. தவணைக் கடனை எழுதி வைப்பதையும், வியாபாரத்துக்குச் சாட்சி வைப்பதையும் பற்றிப் பேசுகிறது. நம்பிக்கையாளர்களைப் பார்த்துத்தான் அந்தக் கட்டளை.

நபித்தோழர்களிலும் வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்தவர் ஒருவர் இருந்தார். ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று அறிவிப்புகள் பெயர் சொல்கின்றன. நபி (ஸல்) அவர்கள் அவரைக் கேலி செய்யவில்லை. வியாபாரமே செய்யாதே என்றும் சொல்லவில்லை. வாங்கும்போதே ஏமாற்று இருக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிவிடும்படி கற்றுக் கொடுத்தார்கள். பொருளை வைத்துக்கொள்ளவோ திருப்பிக் கொடுக்கவோ மூன்று நாள் அவகாசத்தையும் கொடுத்தார்கள். நாமும் அதைக் கேட்கலாம்: "மூன்று நாளில் சொல்லாத குறை ஏதாவது தெரிந்தால் திருப்பித் தருவேன்" என்று தாளிலேயே ஒரு வரி. ஒத்துக்கொள்கிற விற்பனையாளர் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அவரிடமே வாங்குங்கள்.

நாம் விற்கும்போது

ஏமாறாமல் இருப்பதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். நம் பிள்ளைகளும் பழைய கேமராவை விற்கிறார்கள். பூஞ்சை பிடித்த லென்ஸை வெளிச்சம் குறைந்த இடத்தில் காட்டி விற்றதைச் சாமர்த்தியமாகச் சொன்ன ஒருவரையும் நமக்குத் தெரியும்.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். அந்த வியாபாரி பொய் எதுவும் சொல்லவில்லை. மழையும் அவர் குற்றம் இல்லை. மேலே வைக்க வேண்டியதைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். ஷட்டர் எண்ணிக்கை, விழுந்த தழும்பு, பூஞ்சை, மாற்றிய பாகம் எல்லாம் விளம்பரத்தின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று: "உன் வங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று கேட்டு வருகிறவர்களைப் பற்றிக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பூலாம்பாடிப் பிள்ளையின் பணம் போய்ச் சேர்ந்ததும் அப்படி யாரோ கொடுத்த கணக்குகளுக்குத்தான் இருக்கும். கணக்கைக் கொடுத்தவரும் அந்தக் குற்றத்தில் பங்காளி.

ஏமாந்துவிட்டால்

முதல் வேலை 1930 என்ற எண்ணுக்கு அழைப்பது. இது மத்திய அரசின் சைபர் மோசடி உதவி எண். புகார் பதிவானவுடன் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைக்க முயல்வார்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரம்கூடப் பெரிது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்திலும் புகார் பதியலாம். பெரம்பலூர் மாவட்டத்துக்கென்றே சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது.

பணம் அனுப்பியதற்கான 12 இலக்கப் பரிவர்த்தனை எண், எதிராளியின் போன் எண், கணக்கு விவரம், உரையாடல் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள். அவமானத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். உடனே உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நமக்குத் தெரியாமல் பணம் போனால் உடனே சொல்கிறவருக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் பாதுகாப்புத் தருகின்றன. நாமே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று அடுத்து ஒருவர் வருவார். அவரும் அதே கூட்டம்தான்.

அந்த இளைஞர் 1930-க்கு அழைத்தது நான்காவது நாள். மூன்று நாளை வெட்கத்திலேயே கழித்துவிட்டார். பணம் அதற்குள் பல கணக்குகளுக்குச் சிதறிவிட்டதாகச் சொன்னார்கள். அன்று மஃரிபுக்குப் பிறகு அவரோடு அவர் வீட்டுக்குப் போனோம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேன். ஆனா பணம் கிடைச்சிருக்குமே" என்றார்.

பெற்றோருக்கு அதைத்தான் சொல்ல விரும்புகிறோம். பிள்ளை ஏமாந்துவிட்டேன் என்று வந்தால் முதலில் போனை எடுத்து 1930-க்கு அழையுங்கள். திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். திட்டுக்குப் பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் எதிராளிக்கு லாபம். பிள்ளைகளே, பெரிய தொகைக்கு எதை வாங்குவதாக இருந்தாலும் முதல் ரூபாயை அனுப்பும் முன் வீட்டில் ஒருவரிடமும் தொழில் தெரிந்த ஒருவரிடமும் காட்டுங்கள். இரண்டு பேரிடம் காட்ட நேரமில்லாத அவசரம் என்று விற்பவர் சொன்னால், அது விட்டுவிட வேண்டிய பொருள். தொழிலைத் தொடங்கும்போதே சொந்தக் கேமரா வேண்டும் என்பதும் இல்லை. முதல் பத்து நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு எடுங்கள். வருகிற வருமானத்தில், பில் கொடுத்துச் சோதனைக் காலமும் தருகிற கடையில் வாங்குங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது அப்படித்தான் செய்கிறார். வி.களத்தூரிலும் லப்பைக்குடிக்காட்டிலும் சில நிக்காஹ்களுக்கு வாடகைக் கேமராவோடு போய் வந்திருக்கிறார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. மாதா மாதம் வருமானத்திலிருந்து அதற்கென்று எடுத்து வைக்கிறார். அதைச் சீக்கிரம் மீட்கவும், நம் பிள்ளைகள் எல்லோருடைய உழைப்பிலும் பரக்கத் ஏற்படவும் அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.